நிரம்பாத நாற்காலிகள்: ராணுவ உளவுச் சீர்திருத்தத்தின் விடுபட்ட பாதி

இந்தியாவில் பெரும் அதிர்ச்சி ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு புதிய அமைப்பு பிறந்திருக்கிறது. 1962இல் சீனாவிடம் பட்ட அடி, 1965 போரில் வெளிப்பட்ட குறைகள் ஆகியவற்றின் தொடர்ச்சியாக 1968 செப்டம்பரில் வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’ உருவானது. 1999 கார்கில் போரையடுத்து 2002இல் பாதுகாப்பு உளவு முகமையும், 2004இல் தேசியத் தொழில்நுட்ப ஆராய்ச்சி அமைப்பும் வந்தன. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் தேசியப் புலனாய்வு முகமையும், தகவல் தளங்களை இணைக்கும் நாட்கிரிட் திட்டமும் வந்தன. அமைப்பு ஒன்றைத் தொடங்கிவிட்டால் அரசு செயல்பட்டுவிட்டதாக நாட்டுக்கும் நாடாளுமன்றத்துக்கும் தெரிகிறது. அதற்குப் பெயர்ப்பலகை, தலைவர், நிதி ஒதுக்கீடு எல்லாம் உண்டு.

இந்த அமைப்புகளுக்குள் உட்கார்ந்து அன்றாடம் தகவலைப் படிப்பவர் யார் என்ற கேள்விக்கு இதே கவனம் கிடைத்ததில்லை. அவர் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார், என்ன கற்பிக்கப்படுகிறார், எத்தனை ஆண்டு அதே மேசையில் இருக்கிறார், மேலதிகாரியின் கருத்துக்கு மாறாக எழுதினால் அவருக்கும் அவர் எழுதிய தாளுக்கும் என்ன ஆகிறது? ராணுவ உளவை மேம்படுத்துவது குறித்த விவாதத்தில் அமைப்புக்குக் கிடைத்த இடம் ஆளுக்குக் கிடைக்காதது ஏன், அதனால் நேர்ந்த இழப்பு என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கார்கில் மறுஆய்வுக் குழுவின் அறிக்கையே மையச் சான்று. இஸ்ரேல், அமெரிக்க அனுபவங்கள் ஒப்பீட்டுக்கு வருகின்றன.

இதுவரையான புரிதல்

இத்துறையின் விவாதத்துக்கு அடித்தளமிட்டவர் ரொபர்ட்டா வோல்ஸ்டெட்டர். முத்துத் துறைமுகத் தாக்குதலைப் பற்றி 1962இல் வெளியான நூலில், அமெரிக்காவிடம் தகவல் இல்லாமலில்லை என்று அவர் காட்டினார். உண்மையான அறிகுறிகள் பொருந்தாத தகவல்களின் இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோயின. நடந்து முடிந்தபின் திரும்பிப் பார்க்கும்போதுதான் அவை தனித்துத் தெரிந்தன. 1978இல் ரிச்சர்ட் பெட்ஸ் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி போனது. தோல்விக்கான காரணம் தகவல் திரட்டுபவர்களைவிட முடிவெடுப்பவர்களிடமே பெரும்பாலும் இருக்கிறது என்றும், அமைப்பைத் திருத்தும் ஒவ்வொரு முயற்சியும் தனக்கே உரிய புதுக் கேட்டைக் கொண்டுவருகிறது என்றும், ஆகவே உளவுத் தோல்விகள் தவிர்க்க முடியாதவை என்றும் அவர் வாதிட்டார்.

பெட்ஸின் வாதத்தை எளிதில் மறுக்க முடியாது. ஆனால் அதைச் சோம்பலாகவும் வாசிக்கலாம். பலர் அப்படித்தான் வாசித்திருக்கிறார்கள். ‘எதைச் செய்தாலும் தோற்போம்’ என்ற விரக்தி, ‘எதையாவது செய்து காட்டுவோம்’ என்ற நிர்வாக உற்சாகத்துக்கு நல்ல துணை. பத்து முறையில் எட்டு முறை தோற்பதற்கும் ஐந்து முறை தோற்பதற்கும் இடையே ஆயிரக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன. அந்த இடைவெளியில்தான் பயிற்சிக்கு வேலை இருக்கிறது.

2010 ஜனவரியில் ஆப்கானிஸ்தானில் உளவுப் பொறுப்பிலிருந்த மைக்கேல் ஃபிளின் இருவரோடு சேர்ந்து வெளியிட்ட அறிக்கை இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்த சில ஆவணங்களில் ஒன்று. எட்டாண்டுப் போருக்குப் பிறகும் அமெரிக்க உளவுப் பணி போரின் போக்குக்கு ஓரளவே பயன்பட்டிருக்கிறது என்றது அது. குண்டு வைப்பவர்களைத் தேடுவதிலேயே ஆய்வாளர்கள் முழுகிவிட்டார்கள். ஊர், சந்தை, பழங்குடித் தலைவர், தண்ணீர்த் தகராறு இவை பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆய்வாளரை மேசையிலிருந்து எழுப்பி, செய்தியாளரைப்போலக் களத்தில் அலையவிட வேண்டும் என்று அறிக்கை பரிந்துரைத்தது. ஃபிளினின் பிற்கால அரசியல் வேறு கதை. அந்தப் பரிந்துரையின் மதிப்பு அதனால் குறையவில்லை.

கார்கில் அறிக்கையை மறுபடி வாசித்தல்

1999 ஜூலை 29இல் அமைக்கப்பட்ட கார்கில் மறுஆய்வுக் குழுவின் தலைவர் கே. சுப்ரமணியம். திருச்சியில் பிறந்து, தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரியாகத் தொடங்கி, இந்தியப் பாதுகாப்புச் சிந்தனையின் முதன்மைக் குரலாக வளர்ந்தவர். 1970களின் இறுதியில், உளவுத் தகவல்களை மதிப்பிடும் கூட்டு உளவுக் குழுவின் தலைவராகவும் இருந்தவர் என்பதால், தான் விசாரிக்கும் வீட்டின் உள்ளறைகள் அவருக்குத் தெரியும். லெப்டினன்ட் ஜெனரல் கே.கே. ஹசாரி, பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ், செயலராக சதீஷ் சந்திரா ஆகியோர் உடனிருந்தனர். அந்த ஆண்டு டிசம்பரில் அறிக்கை தயாரானது. 2000 பிப்ரவரியில் சில பகுதிகள் நீக்கப்பட்டு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது.

அறிக்கையில் ஒரு கடிதம் வருகிறது. 1998 ஜூன் 2இல், அதாவது ஊடுருவல் தெரியவருவதற்கு ஏறத்தாழ 11 மாதங்களுக்கு முன், உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.யின் இயக்குநர் தாமே கையொப்பமிட்டு அனுப்பியது. கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அப்பால், பாகிஸ்தானின் வடக்குப் பகுதிப் படைத் தலைமையகத்தின் கீழ் நடந்துவந்த சில நடவடிக்கைகளைப் பற்றியது. பிரதமர், உள்துறை அமைச்சர், அமைச்சரவைச் செயலர், உள்துறைச் செயலர், ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர் ஆகியோருக்கு அது போயிற்று. அந்தத் தகவல் அதிகம் தேவைப்பட்ட மூவருக்கு முகவரியிடப்படவில்லை: வெளிநாட்டுத் துப்பைத் தொடர்ந்து துலக்கும் வசதி கொண்ட ‘ரா’ செயலர், மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டிய கூட்டு உளவுக் குழுத் தலைவர், ராணுவ உளவுத் தலைமை இயக்குநர். அதிகாரப் படிநிலை வழியாக அவர்களுக்குச் செய்தி வந்து சேர்ந்துவிடும் என்று தாம் எதிர்பார்த்ததாக இயக்குநர் குழுவிடம் சொன்னார். ‘ரா’ செயலரைப் பொறுத்தவரை அது வந்து சேரவில்லை.

இந்தச் சம்பவத்தை ஒருங்கிணைப்புக் குறையின் சான்றாகவே எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். அப்படி எடுப்பது தவறில்லை. ஆனால் அதே பக்கங்களில் இன்னொரு தகவல் இருக்கிறது. கூட்டு உளவுக் குழுவின் தலைவர் பதவி 1998 டிசம்பர்வரை 18 மாதங்கள் நிரப்பப்படாமல் கிடந்தது. ‘ரா’ செயலரே அதையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே அந்தக் கடிதம் போய்ச் சேராத மூன்று நாற்காலிகளில் இரண்டில் இருந்தவர் ஒருவரே. திரட்டுபவரும் திரட்டியதை எடைபோடுபவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி ஒரு குழுவே உண்டாக்கப்பட்டது. குழு இருந்தது, கூட்டம் நடந்தது, கோப்பு நகர்ந்தது. எடைபோடும் ஆள் இல்லை.

அறிக்கை இத்துடன் நிற்கவில்லை. கூட்டு உளவுக் குழுக் கூட்டங்களுக்குத் துறைகள் மிக இளநிலை அதிகாரிகளை அனுப்பின. ராணுவ உளவு இயக்ககம் கார்கிலுக்கு முந்திய இரண்டு ஆண்டுகள் அக்குழுவுக்கு முறையாகத் தகவலே அனுப்பவில்லை. மதிப்பீடு செய்யப்பட்ட உளவு எதற்கு என்ற உணர்வே எல்லா மட்டத்திலும் குறைந்திருந்தது. இவற்றில் எதுவும் புதிய முகமை தொடங்கித் தீரும் நோயில்லை. யாரை அனுப்புகிறோம், யாரை அமர்த்துகிறோம், அந்த வேலைக்கு என்ன மதிப்புத் தருகிறோம் என்ற ஆள் சார்ந்த குறைகள் இவை. மேல்மட்ட உளவுக்குழு அறைகளில் நிலைமை இதுவாக இருக்க, 1999 மே 3இல் படாலிக் பகுதியில் முதலில் ஊடுருவலைக் கண்டு ராணுவத்திடம் சொன்னவர்கள் உள்ளூர் மேய்ப்பர்கள். அரசுக் கணக்கின்படி அந்தப் போரில் 527 இந்திய வீரர்கள் இறந்தனர்.

அறிக்கையை ஆராய்ந்த அமைச்சர்கள் குழு 2001 பிப்ரவரியில் தன் பரிந்துரைகளைத் தந்தது. உளவு பற்றிய பணிக்குழுவுக்கு ‘ரா’வின் முன்னாள் தலைவர் ஜி.சி. சக்சேனா தலைமை தாங்கினார். விளைவுகள் உண்மையானவை. முப்படை உளவுக்கும் பொதுவான முகமை வந்தது. செயற்கைக்கோள் படங்களை ஆராயும் மையமும் சமிக்ஞை உளவு இயக்ககமும் அதன்கீழ் வந்தன. 2001 அக்டோபரில் ஒரு மீட்டர் துல்லியம் கொண்ட டி.இ.எஸ். செயற்கைக்கோள் ஏவப்பட்டது. கண் கூர்மையாயிற்று. அந்தக் கண் கண்டதைப் பொருள்கொள்ளும் ஆளை வளர்ப்பதில் இதற்கு ஈடான வேகம் இல்லை.

ஒரு லெப்டினன்ட் எழுதிய தாள்

ஆளின் அறிவு மட்டும் போதுமா என்ற கேள்விக்கு இஸ்ரேல் பதில் சொல்கிறது. 1973 அக்டோபர் 6இல் எகிப்தும் சிரியாவும் ஒரே நேரத்தில் தாக்கின. இஸ்ரேலிய ராணுவ உளவுப் பிரிவான அமானின் தலைவர் எலி சைரா, எகிப்துக்குத் தொலைதூர விமானங்களும் ஏவுகணைகளும் கிடைக்கும்வரை அது போருக்கு வராது, எகிப்து வராமல் சிரியா வராது என்ற கருத்தில் உறுதியாக இருந்தார். இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. நமக்கு வேண்டியது அதன் கீழ்த்தளத்தில் இருக்கிறது.

தெற்குக் கட்டளையின் உளவுப் பிரிவில் பெஞ்சமின் சிமன்-டோவ் என்ற இளம் லெப்டினன்ட் எகிப்தியப் படை அமைவைக் கவனிக்கும் வேலையில் இருந்தார். அக்டோபர் 1ஆம் தேதியும் 3ஆம் தேதியும் இரண்டு ஆவணங்கள் எழுதினார். சூயஸ் கால்வாயின் மறுகரையில் நடப்பதாகச் சொல்லப்படும் ராணுவப் பயிற்சி, போர் ஆயத்தத்தை மறைக்கும் திரையாக இருக்கக்கூடும் என்பது அவற்றின் சாரம். அவருடைய மேலதிகாரி டேவிட் கெடாலியா, அது தலைமையகத்தின் கருத்துக்கு முரணாக இருந்ததால் மேலே அனுப்பவில்லை. அடுத்த சில நாள்களில் சிமன்-டோவ் எழுதியதே நடந்தது. போரின் தவறுகளை ஆராய அமைக்கப்பட்ட அக்ரானட் ஆணையம் விசாரித்தபோதுதான் அந்தத் தாள்கள் வெளியே வந்தன. கெடாலியாவையும் சைராவையும் உளவுப் பொறுப்புகளிலிருந்து நீக்க ஆணையம் பரிந்துரைத்தது. சிமன்-டோவ் கேப்டனாக்கப்பட்டார்.

இந்த லெப்டினன்ட்டுக்குப் பயிற்சி இருந்தது, கவனம் இருந்தது, எழுதும் துணிச்சலும் இருந்தது. தன் மேலதிகாரியைத் தாண்டித் தலைமையகத்தின் ஆய்வாளரோடு பேசும் வழி மட்டும் இல்லை. போருக்குப் பின் இஸ்ரேல் இதற்கு ஒரு நிறுவனத் தீர்வு கண்டது. ஏற்கப்பட்ட கருத்துக்கு எதிர்வாதம் செய்வதையே தொழிலாகக் கொண்ட சிறு பிரிவை அமானுக்குள் அமைத்தது. உளவுத் தகவலில் யாரும் மேலதிகாரிக்கு மாறாகக் கருத்துச் சொல்லலாம் என்ற உரிமையும் பேசப்பட்டது. உலகெங்கும் பயிற்சிக் கூடங்களில் இது முன்மாதிரியாகச் சொல்லப்படுகிறது.

ஐம்பது ஆண்டு கழித்து 2023 அக்டோபர் 7 வந்தது. ஹமாஸின் தாக்குதல் திட்டம் ஓராண்டுக்கு முன்பே இஸ்ரேலிய ராணுவத்தின் கையில் இருந்தது என்றும், அந்த ஜூலையில் சமிக்ஞை உளவுக்கான 8200 பிரிவைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் ஹமாஸின் பயிற்சி அத்திட்டத்தோடு பொருந்துவதாக எச்சரித்தார் என்றும், காஸா பிரிவின் மூத்த அதிகாரி அதை ஏற்கவில்லை என்றும் நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. எல்லையில் கண்காணிப்புத் திரைகளைப் பார்த்துவந்த இளம் பெண் வீரர்களின் எச்சரிக்கைகளும் அலட்சியப்படுத்தப்பட்டதாக உயிர்தப்பியவர்களும் குடும்பத்தினரும் கூறியுள்ளனர். எதிர்வாதப் பிரிவு அப்போதும் இருந்தது. ஆக, எதிர்வாதத்தை ஒரு தனி அறைக்கு ஒப்படைத்துவிட்டால் மற்ற அறைகளில் இருப்பவர்கள் அந்தப் பொறுப்பிலிருந்து தம்மை விடுவித்துக்கொள்கிறார்கள் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். கீழிருப்பவர் எழுதியதைப் படிக்கும் பயிற்சி மேலிருப்பவருக்கே தரப்பட வேண்டும். உளவுப் பயிற்சி என்றால் இளநிலையினருக்கானது என்ற பொது எண்ணம் தவறு.

மின்னசோட்டாப் பள்ளி

ஆள் வளர்ப்பில் உருப்படியான வெற்றி ஏதும் உண்டா? உண்டு. அதன் கதையில் பெருமையும் வெட்கமும் கலந்திருக்கின்றன.

ஜப்பானோடு போர் நெருங்குவதை உணர்ந்த அமெரிக்க ராணுவம் 1941இல் தன் படையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினரை, அதாவது நிசேய்களை, மொழிச் சோதனைக்கு உட்படுத்தியது. ஏறத்தாழ 3,700 பேரில் 3 சதவீதத்தினரே சரளமாக மொழியறிந்தவர்கள். இன்னும் 4 சதவீதத்தினர் ஓரளவு தேறியவர்கள். மேலும் 3 சதவீதத்தினர் நீண்ட பயிற்சிக்குப் பின் பயன்படக்கூடியவர்கள். வீட்டில் பேசும் மொழி ராணுவ ஆவணத்தைப் படிக்கப் போதாது. 1941 நவம்பர் 1இல் சான் பிரான்சிஸ்கோவின் பிரெசிடியோவில், ஒரு பழைய விமானக் கொட்டகையில், 60 மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. தலைமை ஆசிரியர் ஜான் ஐசோ ஹார்வர்டில் சட்டம் படித்தவர். படையில் சேர்க்கப்பட்டபின் வண்டி பழுதுபார்க்கும் பிரிவில் போடப்பட்டிருந்தார். ஆளைத் தப்பான இடத்தில் வைப்பது எல்லா ராணுவங்களுக்கும் பொதுவான கலை போலும்.

முதல் தொகுப்பில் 45 பேர் தேறினார்கள். இதற்குள் ஜப்பானிய வம்சாவளியினரை மேற்குக் கரையிலிருந்து அப்புறப்படுத்தும் ஆணை வந்துவிட்டதால் பள்ளி 1942இல் மின்னசோட்டாவின் கேம்ப் சாவேஜுக்கும், 1944இல் ஃபோர்ட் ஸ்னெல்லிங்குக்கும் இடம்பெயர்ந்தது. மாணவர்கள் பலரின் பெற்றோர் முள்வேலி முகாம்களில் இருந்தனர். பாடத்திட்டத்தில் ராணுவக் கலைச்சொல், விரைவுக் கையெழுத்தை வாசித்தல், கைதியை விசாரித்தல், ஜப்பானியப் படையின் அமைப்பு எல்லாம் இருந்தன. போர் முடிந்த காலத்துக்குள் ஏறக்குறைய 6,000 பேர் இதில் பயின்றிருந்தனர்.

அவர்களில் ராய் மட்சுமோட்டோவை மட்டும் பார்ப்போம். லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் பிறந்து ஹிரோஷிமாவில் பள்ளி சென்று திரும்பியவர். மளிகைக் கடையில் வேலை பார்த்தபோது ஜப்பானின் வெவ்வேறு வட்டாரங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பேச்சு வழக்குகளைக் கற்றுக்கொண்டார். அர்கன்சாஸ் முகாமிலிருந்து படையில் சேர்ந்து, 1944இல் பர்மாவில் அமெரிக்காவின் மெரில் படையணியோடு போனார். வாலாபமில் எதிரியின் தொலைபேசிக் கம்பியில் இணைந்து கேட்டபோது, கியூஷு வட்டார வழக்கில் ஓடிய உரையாடலிலிருந்து வெடிமருந்துக் கிடங்கின் இடத்தை அறிந்தார். அடுத்த மாதம் இன்பும் கா குன்றில் அவருடைய பட்டாலியன் சூழப்பட்டது. இரவில் எதிரியின் பதுங்குகுழிகளுக்கு மிக அருகில் தவழ்ந்து போய், விடியற்காலைத் தாக்குதலின் திட்டத்தைக் கேட்டுவந்து சொன்னார். தாக்கப்படவிருந்த பகுதியைக் காலிசெய்து பொறிவைத்துக் காத்திருந்தார்கள். முதல் அலை சிதறி இரண்டாவது அலை தயங்கியபோது, மட்சுமோட்டோ ஜப்பானிய மொழியில் ‘தாக்கு’ என்று உத்தரவிட்டுக் கத்த, அவர்கள் முன்னேறி வந்து மாட்டிக்கொண்டார்கள்.

வட்டார வழக்கு பாடத்திட்டத்தில் வந்ததல்ல. அந்த ஆள் கொண்டுவந்தது. அதை ராணுவப் பயனாக மாற்றியது பள்ளி. இந்த இரண்டும் சேர்வதே உளவுத் தேர்வின் சூட்சுமம். பிரிட்டன் இதே காலத்தில் வேறு வழியில் முயன்றது. பெட்ஃபர்டில் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஆஸ்வால்ட் டக், லத்தீனும் கிரேக்கமும் படித்த இளைஞர்களுக்குச் சுமார் ஆறு மாதங்களில் ஜப்பானிய ஆவணங்களைப் படிக்கக் கற்பித்தார். இரண்டும் பலித்தன.

வெட்கப் பகுதி பதவி சம்பந்தப்பட்டது. அதே பள்ளியில் தேறிய வெள்ளையர்கள் அதிகாரிகளானார்கள். மொழியில் அவர்களைவிடத் தேர்ந்த நிசேய்கள் பெரும்பாலும் சார்ஜென்ட் நிலையிலேயே வைக்கப்பட்டார்கள். தெரிந்தவன் கீழே, தெரியாதவன் மேலே என்ற ஏற்பாடு சிமன்-டோவின் தாளை மடக்கி வைத்த ஏற்பாட்டுக்கு உறவுதான்.

இந்தியப் படையில் உளவு என்ற பணிவாழ்க்கை

இந்திய ராணுவத்தின் உளவுப் படைப்பிரிவு 1942 நவம்பர் 1இல் உருவானது. அதன் பயிற்சிப் பள்ளி புணேயில் இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் அயல்மொழிப் பள்ளி 1948 முதல் டெல்லியில் இயங்குகிறது. பச்மடியிலும் மொழிப் பயிற்சி உண்டு. ஆகவே பள்ளிகள் இல்லை என்று குறைசொல்ல முடியாது. சிக்கல் பள்ளியிலிருந்து வெளியே வந்த பிறகு தொடங்குகிறது.

ராணுவத்தில் மேலே போகும் பாதை பட்டாலியனையும் பிரிகேடையும் நடத்திக் காட்டுவது வழியாகச் செல்கிறது. போரிடும் நிறுவனத்துக்கு அது இயல்பு. ஆனால் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அப்பாலுள்ள ஸ்கர்டு வட்டாரத்தின் படை நடமாட்டத்தை மூன்று ஆண்டு கவனித்துத் தேர்ந்த மேஜர், தன் பணிவாழ்க்கைக்காக அந்த மேசையை விட்டு எழுந்து போகவே விரும்புவார். அவர் போனதும் அவருடைய கோப்பு மிஞ்சும். கோப்பில் எழுதப்படாத பழக்கம், சென்ற குளிர்காலத்தில் எந்த முகாம் காலியாக இருந்தது என்ற நினைவு, போய்விடும். உளவுத் தலைமை இயக்குநர் பதவிக்கும் பெரும்பாலும் போரிடும் பிரிவுகளில் வளர்ந்தவர்களே வருகிறார்கள். பாதுகாப்பு உளவு முகமையோ முப்படைகளிலிருந்தும் தற்காலிகமாக வந்துபோகிறவர்களை நம்பி நடப்பது.

மொழி விஷயத்தில் நமக்கு மிக அருகிலிருக்கும் படிப்பினை இலங்கை. 1987 அக்டோபர் 11-12 இரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்திய அமைதிப்படை ஹெலிகாப்டரில் வீரர்களை இறக்கியது. விடுதலைப் புலிகள் அந்தப் படையின் வானொலி உரையாடலை ஒட்டுக்கேட்டு முன்பே தயாராக இருந்தார்கள். இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் கொல்லப்பட்டனர், ஒருவர் பிடிபட்டார். அதேபோலப் புலிகளின் பேச்சைக் கேட்க, மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையத்தை வெலிங்டனில் வைத்திருக்கும் ஒரு ராணுவத்தில் தமிழ் பேசுவோருக்குப் பஞ்சம் இருந்திருக்காது. பேசத் தெரிந்தவர் வேறு, கேட்டதை எடைபோடப் பயிற்றப்பட்டவர் வேறு. 3,700 நிசேய்களில் நடந்த சோதனை அதை 1941லேயே காட்டிவிட்டது. அண்மைக்காலத்தில் பிரதேச ராணுவத்தின் வழியாகச் சீன மொழி வல்லுநர்களைச் சேர்க்கத் தொடங்கியிருப்பது சரியான திசை. அவர்கள் மொழிபெயர்ப்பாளர்களாகவே நின்றுவிடுவார்களா, மதிப்பீட்டு மேசையில் குரல் பெறுவார்களா என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.

ஓர் எதிர்வாதம்

அமைப்பை இவ்வளவு குறைத்துப் பேசலாமா என்று கேட்கலாம். 1998 ஜூன் கடிதம் யாருக்கெல்லாம் போக வேண்டும் என்று கட்டாய விதி இருந்திருந்தால் ஆளின் தரம் எப்படி இருந்தாலும் கடிதம் போயிருக்கும் அல்லவா? ஆம், போயிருக்கும். நல்ல விதி சராசரி அதிகாரியின் பிழையைத் தடுக்கிறது. அதற்காகவே விதிகள் வேண்டும். ஆனால் போய்ச் சேர்ந்த கடிதத்தைப் பத்து வேறு தகவல்களோடு பொருத்திப் பார்ப்பதை எந்த விதியும் செய்யாது. நீண்ட காலம் ஒரே துறையில் இருப்பவர் தன் பழைய கருத்துக்கே அடிமையாகிவிடுவார் என்ற அச்சமும் நியாயமானது. 1973இல் எகிப்து மேசையில் இருந்தவர்களிடம் நிபுணத்துவம் குறையவில்லை. அதனால்தான் நீண்ட பணிக்காலம், மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்யும் உரிமை, களத்துக்கும் மேசைக்கும் இடையே ஆள் மாற்றம் ஆகிய மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. இவற்றில் ஒன்றை மட்டும் கொடுத்தால் அது தனக்கான நோயைக் கொண்டுவரும் என்பதில் பெட்ஸ் சரி.

படிக்கக் கொடுக்கப்படாத பாடநூல்

இளம் உளவு அதிகாரிக்குத் தன் நாட்டுப் படை எங்கே, எப்படித் தவறாகக் கணித்தது என்பதைவிடச் சிறந்த பாடம் இல்லை. சிமன்-டோவின் பெயர் உலகுக்குத் தெரிவது அக்ரானட் ஆணையம் விசாரித்ததால்தான். அதன் அறிக்கையின் பெரும்பகுதியும் 1990களில் திறக்கப்பட்டது. கார்கில் அறிக்கை நூலாகவே வந்தது. ஆனால் உளவு தொடர்பான பகுதிகளில்தான் அதிகம் வெட்டு விழுந்தது. 1962 தோல்வியை ஆராய்ந்து ராணுவ அதிகாரிகளான ஹென்டர்சன் புரூக்ஸும் பி.எஸ். பகத்தும் 1963இல் அளித்த அறிக்கை, சீனா பதிலடி தராது என்ற கணிப்பை விமர்சித்தது. அதன் ஒரு பகுதியை 2014இல் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் இணையத்தில் வெளியிட்ட பிறகே அறிக்கையின் மூல வாசகம் பொதுவெளிக்கு வந்தது. அறிக்கைக்கு இன்னும் செயல்முறை முக்கியத்துவம் உண்டு என்று 2010இல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்னார். முக்கியத்துவம் உண்டென்றால் அதை முதலில் படிக்க வேண்டியவர்கள் புணே உளவுப் பள்ளியிலும் வெலிங்டனின் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியிலும் பயிலும் அதிகாரிகள். அடுத்த புதிய முகமைக்கு அனுமதி கேட்டு எந்த அரசு வந்தாலும், அந்த அறிக்கையை முழுமையாக வெளியிட்டுவிட்டு வரும்படி நாடாளுமன்றம் கேட்க வேண்டும்.